கவச வண்டியில் ஒரு வெங்காயக் கொத்து

“மூடி எந்தப் பக்கம்ணே திறக்கும்?”

நான் கேட்டது இவ்வளவுதான். ஈப்போ புந்தோங்கில் என் வீட்டு முன்னறை. காலை பத்து மணி வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே சார்ஜன் அண்ணே, மடியில் பட்டாளத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு கவச வண்டி நின்றது. மலாயில் கெரெத்தா கெபால். எங்கள் வாயில் வெறும் கெபால்.

சாதாரணக் கேள்விதான். ஓட்டுநர் தலையை நீட்டுவதற்கு முன்பக்கம் ஒரு மூடி இருக்கும். பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கில் அது வண்டியோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருந்தது. அண்ணேயின் ஆசை, மூடி திறந்திருக்க வேண்டும், உள்ளே அவர் மீசையோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. அப்படியானால் நான் பழையதை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய மூடி செய்து, கீல் வைக்க வேண்டும். படம் ஒன்று கைவசம் இருந்தாலும், கீல் எந்த ஓரத்தில் என்று வண்டியை ஓட்டியவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

அண்ணே வலது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு மூடியை வலப்பக்கமாகத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதே மூடியை இடப்பக்கமாகத் திறந்தார்.

“வலதா, இடதாண்ணே?”

“அது வண்டிக்கு வண்டி மாறும்லா, பாக்கியம்” என்றவர், மூன்றாவது முறையாக அதை மேல்நோக்கித் தூக்கினார். பிறகு இரண்டு கைகளையும் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

பல்லிலிருந்து டாங்கிக்கு

இந்தத் தொடரில் கிளினிக் கதைகளையே வாராவாரம் எழுதிக்கொண்டிருந்ததால், ‘பொம்மை டாங்கி செய்கிறவர் என்றீர்களே, அது எப்போது வரும்’ என்று வாசகர் சிலர் கேட்டுவிட்டார்கள். பொம்மை என்று எழுதியவர்களை எங்கள் கழகத்தார் மன்னிக்க மாட்டார்கள். அது ‘அளவு மாதிரி’. முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பொம்மை என்று சொன்னால் ஐம்பது வயது ஆண்கள் அழுதுவிடுவார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் பல் செட் செய்துகொண்டிருந்தேன். முதலாளி டாக்டர் குலசிங்கம். மூன்று தலைமுறையாக மருத்துவர், பொறியாளர், கணக்காய்வாளர் தவிர வேறெதுவும் பிறக்காத யாழ்ப்பாணக் குடும்பம். நான் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள். கிளினிக்கின் முன்னறை அவருடையது, பின்னறை என்னுடையது. இடையில் ஒரு கதவு இருந்தது. அதை அவர் தட்டாமல் திறப்பார், நான் தட்டிவிட்டுத் திறப்பேன்.

ஒருநாள் அவர் அந்தக் கதவைத் திறந்தபோது வீட்டில் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். விசாரித்தால், அவர் மனைவி தரையைச் சுத்தம் செய்தபோது அவருடைய ஜெர்மன் டாங்கியின் விளக்குக் கூண்டு தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குள் போய்விட்டதாம். பையைக் கிழித்துக் கொட்டித் தேடியும் கிடைக்கவில்லையாம். விளக்குக் கூண்டு என்பது ஒரு அரிசி அளவு.

சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்துகொடுத்தேன். பல்வரிசையைச் சீர்செய்யக் கட்டும் மெல்லிய கம்பியை வளைத்து, மெழுகில் பதித்து, ஈறுக்கு ஊற்றும் ரோஸ் நிற அக்ரிலிக்கில் அடிப்பாகம் வார்த்தேன். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாக்கியம், நீர் இவ்வளவு காலமும் பிழையான தொழிலில இருந்திட்டீர்” என்றார்.

அந்தத் தொழிலைக் கொடுத்தவர் அவர்தான் என்பது அவருக்கு நினைவில்லை.

ஆணி எண்ணும் ஆண்கள்

அப்படித்தான் டாக்டர் இருந்த அளவு மாதிரிக் கழகத்துக்குள் போனேன். பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லா இனமும் உண்டு. கிறுக்கு மட்டும் ஒன்றுதான்.

இவர்களில் எவருக்கும் சொந்த மோட்டார் சைக்கிளில் கழன்ற கண்ணாடியைப் பூட்டத் தெரியாது. ஆனால் எந்தப் போரில் எந்த டாங்கியின் எந்த மூடியில் ஆறு ஆணி, எதில் எட்டு ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒருமுறை என் மூடியில் ஏழு ஆணி இருந்ததற்காக இரண்டு பேர் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. சுடுகிறவன் ஆணியை எண்ணிவிட்டா சுடுவான் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதைப் போலிருந்தது.

என் வேலை நுணுக்கப் பாகங்கள். பெட்டியில் வராத எதையும் செய்வேன். இழுவைக் கயிறு, கருவிப்பெட்டித் தாழ்ப்பாள், சுருட்டி வைத்த கித்தான், நசுங்கிய தண்ணீர் டின். எல்லாம் முதலில் ஈறு நிறத்தில்தான் பிறக்கும். சாயம் பூசும்வரை என் மேசையில் நிற்கிற டாங்கிகள் வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

கண்காட்சிகளில் அந்தப் பாகங்களுக்கு அருகே ‘கைவினை: டாக்டர் குலசிங்கம்’ என்று அட்டை இருக்கும். நானும் அந்த அட்டையைப் பலமுறை படித்திருக்கிறேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

சார்ஜன் வந்தார்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் கழகம் ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டது. நம் நாட்டு ராணுவ வாகனங்கள் என்பது தலைப்பு. அந்த நேரம் பார்த்து, கோயில் திருவிழாவில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒருவரை டாக்டர் கண்டுபிடித்தார். தலையில் பட்டாளத் தொப்பி, மீசையில் முறுக்கு, வாயில் விசில். பேச்சு கொடுத்ததில் அவர் கெபால் ஓட்டியவர் என்று தெரிந்தது.

பெயர் வேலப்பன். புந்தோங்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, சார்ஜன், அதாவது சார்ஜண்ட், என்றுதான் அழைப்பார்கள். அது அவரே தமக்குக் கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. நம்மவர் ஒருவர் ஓட்டிய வண்டி, அவர் நினைவிலிருந்தே செய்தது, அதுதான் நடுமேசையில் நிற்க வேண்டும் என்று முடிவானது. திறப்பு விழாவில் சார்ஜனுக்குப் பொன்னாடை. நம் ஊரில் பொன்னாடை போர்த்தாமல் எதையும் திறக்க முடியாது. கழிப்பறை திறந்தாலும் இரண்டு பேருக்காவது போர்த்தியாக வேண்டும்.

வண்டியை டாக்டர் ஒட்டிச் சேர்ப்பார், பாகங்களை நான் செய்வேன், விவரங்களைச் சார்ஜன் சொல்வார். அப்படித்தான் அவர் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் லூமுட் படகுத்துறையில் வேலை பார்ப்பவர், வார இறுதியில்தான் வருவார். வார நாள்களில் முன்னறை முழுக்க டாங்கிதான்.

முதல் நாளே அண்ணே கெண்டியில் தொடங்கினார்.

“பின்னால கம்பியில ஒரு கெண்டி தொங்கும்மா. அலுமினியம். மூடி மேல குமிழ் ஒடஞ்சிபோச்சி. நூல்கட்டைய வச்சி கட்டியிருப்போம்.”

செய்தேன். பச்சைப்பயறு அளவு கெண்டி, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நூல்கட்டை. அடுத்த முறை மண்ணெண்ணெய் அடுப்பு. அதற்கடுத்து அடி கறுத்த குவாலிச் சட்டி, பிடியில் துணி சுற்றிய அகப்பை, பாதி காலியான அரிசி மூட்டை. கடைசியாக வெங்காயக் கொத்து.

கொத்துக்குக் கடுகை நூலில் ஒட்டிக் காட்டினேன். அண்ணே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது பெரிய வெங்காயம்லா. நாங்க சின்ன வெங்காயம்தான் கட்டுவோம்.”

கசகசாவுக்கு மாறினேன். அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. அவரைப் போல ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததேயில்லை. கழகத்து ஆண்கள் எல்லாம் படத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் கையால் பேசினார். அகப்பையின் வளைவைச் சொல்லும்போது மணிக்கட்டு தானாக வளைந்தது.

கல்யாணப் பல்

இங்கே பல் செட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

புதுப் பல் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் போடுவதேயில்லை. அலமாரியில் வைத்திருந்து கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள். விருந்து தொடங்கியதும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். டாக்டர் கேட்டால் ‘தினமும் போடுறேன், மூணு வேளையும் இதுலதான் சாப்பிடுறேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

டாக்டர் நம்பிவிடுவார். நான் செட்டைத் திருப்பிப் பார்ப்பேன். மென்ற பல்லில் தேய்மானம் இருக்கும், கறை இருக்கும். மெல்லாத பல் நான் மெருகேற்றி அனுப்பிய நாளில் இருந்த மாதிரியே பளபளக்கும். எத்தனையோ கல்யாணப் பல்லை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன். யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. வாயும் பல்லும் அவரவர் பாடு.

சார்ஜன் அண்ணே மூடியை மூன்று பக்கமும் திறந்த அந்தக் காலையில், எனக்கு அந்தப் பளபளப்புத்தான் தெரிந்தது. மனிதர் எனக்குச் சொன்னதெல்லாம் வண்டிக்கு வெளியே தொங்கியவை. உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓட்டுநர் இருக்கை, மிதி, பிடி எதைக் கேட்டாலும் ‘அது வழக்கம்போலத்தான்’ என்று மென்று விழுங்கியிருக்கிறார். நான்தான் கெண்டியின் அழகில் மயங்கிக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இடது கை

டாக்டர் கொடுத்திருந்த வண்டிப் படத்தை நான் வெளியே எடுக்கவில்லை. அதில் மூடி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது தெளிவாகவே தெரியும். வேறொன்று கேட்டேன்.

“அண்ணே, வெங்காயக் கொத்த எந்தக் கையால எடுப்பீங்க?”

“இடது கை” என்றார், கண் சிமிட்டுவதற்குள். “வலது கையில கத்தி இருக்கும்லா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆறிக்கொண்டிருந்த தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எத்தனை பேருக்கு ஆக்குவீங்க?”

“நூத்தி இருபது” என்றார் மெதுவாக. “பயிற்சிக்குக் காட்டுக்குள்ள போனா அதுக்கு மேலயும் வரும். அந்த கெபால்காரனுங்கதான் என் சட்டிபானைய எல்லாம் பின்னால கட்டித் தூக்கிட்டு வருவானுங்க. லாரி போகாத எடத்துக்கெல்லாம் கெபால் போகும்மா.”

“அப்ப ஓட்டுனதுன்னு…”

“பொண்ணு பாக்கப் போனப்ப ஆரம்பிச்சது.” தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவங்க தோட்டத்து லயத்துல பாதிப் பேரு வாசல்ல நிக்கிறாங்க. என்ன வேலன்னாங்க. பட்டாளம்னேன். பட்டாளத்துல என்னன்னாங்க. குசினியில அகப்பை பிடிக்கிறேன்னு எப்படிம்மா சொல்றது? தொரை வீட்டு குசினிக்காரனுக்கே அங்க பொண்ணு குடுக்க மாட்டாங்க. கெபால் ஓட்றேன்னுட்டேன். லெட்சுமி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா.”

லெட்சுமி அக்காவை எனக்குத் தெரியும். சந்தையில் பார்த்தால் சிரிப்பார், கீரைக் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குவார். முப்பத்திரண்டு வருடமாகக் கெபால் ஓட்டியவரின் மனைவி.

“அவளுக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்டுல மனுஷனா இருக்க முடியாதும்மா. விழாவுக்கு மருமகன் வீட்டுலேர்ந்து ஒரு வேன் நிறைய வாராங்க. மூடிய மூடியே வச்சிரு பாக்கியம். நான் உள்ள வேண்டாம்.”

அவர் கேட்டது எனக்குக் கஷ்டமே இல்லாத காரியம். மூடியைத் தொடாமல் விட்டேன். செய்துவைத்திருந்த மீசைத் தலையை ஒரு மருந்துக் குப்பியில் போட்டேன். கெண்டியும் குவாலியும் வெங்காயமும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டு பொன்னாடை

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில். ஒரு பக்கம் பபிள் டீ கடை, மறுபக்கம் உள்ளாடை மலிவு விற்பனை, நடுவில் நாட்டின் பாதுகாப்பு.

‘கெபால் நாயகன்’ என்று டாக்டர் எட்டடிக்குப் பதாகை கட்டியிருந்தார். பதினோரு ஆண்களும் நடுமேசையைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஏன் இத்தனை பாத்திரம் என்று ஒருவர் கேட்டார். அது போர்க்கள வெளிச்சுமை என்றார் டாக்டர். வெங்காயக் கொத்தைக் காட்டி, அது உருமறைப்பு என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு வர வேண்டிய ஒய்.பி., அதாவது எங்கள் தொகுதி உறுப்பினர், பன்னிரண்டு வரை வரவில்லை. பிறகு அவருடைய உதவியாளர் வந்தார். உதவியாளருக்கும் போர்த்தியாயிற்று. ஒய்.பி.க்கு வாங்கிய பொன்னாடை தட்டில் அநாதையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். தமிழன் டாங்கி ஓட்டிய வரலாற்றைச் சோழர் படையிலிருந்து ஆரம்பித்தார்.

முன்வரிசையில் லெட்சுமி அக்கா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகன் வீட்டார், வேன் நிறைய.

சார்ஜன் அண்ணேயை அழைத்துப் போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ‘வணக்கம்’ என்றார். அப்புறம் குனிந்து மேசையைப் பார்த்தார். சாயம் பூசி முடித்த பிறகு அவர் அதைப் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை. கெண்டியில் புகைக்கறை இருந்தது, மூடிமேல் நூல்கட்டை இருந்தது. நெடுநேரம் பார்த்தார். நான் பயந்துபோனேன்.

“இந்த வண்டிய நான் ஓட்டல” என்றார் மைக்கில்.

“சத்தியமா ஓட்டல. உள்ள எறங்குனதுகூட இல்ல. ஓட்டுனவங்களுக்கு சோறு ஆக்கிப் போட்டேன். நூத்தி இருபது பேருக்கு. இந்தக் கெண்டி என்னோடது, அகப்பை என்னோடது. நான் குசினிக்காரன்.”

கைதட்டல் இடித்தது.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குக் குனிந்தார். “பாத்தீங்களோ? என்ன பணிவு! உண்மையான வீரன் தன்ர பெருமையைத் தானே சொல்ல மாட்டான். கூட இருந்தவைக்குச் சோறு போட்டதைத்தான் பெருமையாச் சொல்லுறார்!”

“இல்ல டாக்டர், நெசமாவே நான் குசினியிலதான்…”

“ஓமோம், ஓமோம்” என்று தோளைத் தட்டிக்கொடுத்தார் டாக்டர். தட்டில் கிடந்த ஒய்.பி.யின் பொன்னாடையையும் எடுத்து அவர்மேல் போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மருமகன் வீட்டார் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். முப்பத்திரண்டு வருடம் பொய் சொன்னபோது நம்பியவர்கள், ஒரே ஒரு உண்மையைச் சொன்னதற்கு எழுந்து நின்று மறுத்தார்கள்.

அவர் சொல்வது நிஜம் என்று அந்தக் கூட்டத்தில் அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து சொல்லியிருக்கலாம். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். இன்றுவரை எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

தட்டாமல் இருந்தவர் ஒருவர் உண்டு. லெட்சுமி அக்கா எழுந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நடுமேசைக்கு வந்தார். குனிந்து கெண்டியைப் பார்த்தார், குவாலியைப் பார்த்தார், கொத்திலிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இரண்டு பொன்னாடைக்குள் நின்ற புருஷனைப் பார்த்தார்.

“நூத்தி இருபது பேருக்கா?”

“ஆமா லெட்சுமி.”

“மீனெல்லாம் கழுவுவீங்களா?”

“கழுவுவேன்.”

“கொழம்பு?”

“வெப்பேன்.” அண்ணேயின் குரல் இறங்கிவிட்டது. “மன்னிச்சிரு லெட்சுமி. கெபால் ஓட்றேன்னு உங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“கெபால் கெடக்குது” என்றார் அக்கா. “ஓட்டுனா என்ன, ஓட்டாட்டி என்ன. கர்ப்பப்பைய எடுத்துட்டு வந்து நான் படுத்த படுக்கையா கெடந்தப்ப, கஞ்சிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு தெரியாதுன்னு என்னை எழுப்பி அடுப்புகிட்ட நிக்க வச்சீங்களே?”

மைக் இன்னும் அண்ணேயின் கையில்தான் இருந்தது. பபிள் டீ கடை வரைக்கும் கேட்டது.